விழாத மேடை

கதிராமத்தம்பி சர்க்கார் உத்தியோகத்தை விட்டுவிட்டு வந்து, மனைவி வீட்டு வாசல் படலையில் ‘சுயாதீன இஞ்சினியர்’ என்று பலகை தொங்கவிட்ட அன்று பனிச்சங்குடா முழுவதும் அதைப் பார்க்க வந்தது. வேலை கொடுக்க அல்ல, பார்க்க. பென்சன் உள்ள உத்தியோகத்தை யாராவது சும்மா விடுவார்களா? பெண் விவகாரம் என்றார்கள் சிலர். சீமெந்து விவகாரம் என்றார்கள் விபரம் தெரிந்தவர்கள். தான் கண்ணால் பார்க்காத பாலம் ஒன்றுக்குக் கையெழுத்து வைக்கச் சொன்னார்கள், மறுத்துவிட்டு வந்தேன் என்று அவரே சொன்ன காரணத்தை ஒருவரும் எடுக்கவில்லை. அதில் உப்பும் இல்லை, புளியும் இல்லை.

பலகை தொங்கியது. வேலை வரவில்லை. வீடு கட்டுகிறவன் மேசனிடம் போவான், தோணி கட்டுகிறவன் ஓடாவியிடம் போவான். இஞ்சினியரிடம் எதற்குப் போவது?

“விழுமா விழாதா எண்டு சொல்லுறதுக்கு ஒரு உத்தியோகமா? விழுந்தா எங்களுக்கே தெரியும்தானே,” என்றாள் இரத்தினம்மா கிணற்றடியில். அதைக் கேட்ட அவர் மனைவி அன்னப்பூரணி பாதிக் குடத்தோடு வீட்டுக்குத் திரும்பினாள் என்பதும் ஊருக்குத் தெரியும்.

சுயாதீனம் என்ற சொல்தான் ஊரை இன்னும் சிரிக்க வைத்தது. பனிச்சங்குடாவில் அப்படி ஒரு மனிதன் இருக்க முடியாது. வாவிக்கரையில் கிடக்கும் இந்தச் சின்ன ஊருக்கு இரண்டு தெரு. வடக்குத் தெருவில் பிறந்தவன் வடசேரி, தெற்குத் தெருவில் பிறந்தவன் தென்சேரி. மழை பொய்க்கும் வருசங்களில் கண்ணகை அம்மனுக்குக் கொம்புமுறி வைப்பார்கள். வளைந்த வைர மரத்தில் செதுக்கிய இரண்டு கொம்புகளை ஒன்றில் ஒன்று கொளுவி, ஒரு சேரியார் தங்கள் கொம்பை நிலத்தில் நட்ட கட்டையில் கட்ட, மற்றச் சேரியார் தங்கள் கொம்பில் வடம் பூட்டி இழுப்பார்கள். கொம்பு முறிந்தவன் தோற்றவன். கட்டை பிடுங்குப்பட்டாலும் கட்டைக்காரன் தோற்றவன்தான். தோற்றவன் அடுத்த கொம்புமுறி வரைக்கும் தலை நிமிரக்கூடாது, நிமிர்ந்தால் வென்றவன் அமத்திவிடுவான். கொம்பு கட்டிய நாள் தொட்டு வடசேரிப் புருசனும் தென்சேரிப் பெண்சாதியும் ஒரே பாயில் படுப்பதில்லை. அந்த வருசங்களில் மருத்துவிச்சிக்கு வேலை குறைவு.

கதிராமத்தம்பி பிறந்தது வடக்குத் தெரு. கல்யாணம் கட்டிப் போய் இருந்தது தெற்குத் தெரு. வடசேரிக்குத் தலைவனாக நின்ற தங்கராசா அவருடைய சித்தப்பன் மகன். தென்சேரிக்குத் தலைவனாக நின்ற சாமித்தம்பி அன்னப்பூரணியின் மூத்த அண்ணன். ஆகையால் இரண்டு தெருவும் அவரைத் தங்கள் ஆள் என்றே எண்ணியிருந்தன. அவர் ஒருவர்தான் வேறு மாதிரி எண்ணிக்கொண்டிருந்தார்.

போன முறை கொம்புமுறியில் ஒருவனுக்குக் கண் போய், இன்னொருவனுக்கு மண்டை பிளந்ததால் பொலிஸ் அதைத் தடுத்து வைத்திருந்தது. முப்பத்தெட்டாம் ஆண்டு மழை முற்றாகப் பொய்த்தது. மாவட்டத்தை ஆளப் புதிதாக வந்த ஏசண்டுத் துரைக்கு ஊர் விளையாட்டுகள் பார்க்கும் ஆசை வேறு. உத்தரவு கொடுத்தார், ஒரு நிபந்தனையோடு. துரைமார் குடும்பங்கள் இருந்து பார்க்க உயரத்தில் மேடை வேண்டும், அது உறுதி என்று ஒரு இஞ்சினியர் கையெழுத்து வைக்க வேண்டும். சர்க்கார் இஞ்சினியர் இது சர்க்கார் வேலை இல்லை என்று ஒதுங்கிக்கொண்டார். மேடை கட்டும் குத்தகையை எடுத்த காத்தான்குடியில் மரம் விற்கும் மரக்காலை முதலாளி கச்சி முகம்மது காக்கா, படலையில் தொங்கிய பலகையை வாசித்துக்கொண்டு உள்ளே வந்தார்.

“கையெழுத்து மட்டும் போதும் தம்பி. மேடைய நான் பாத்துக்கிறன்.”

“நான் பாக்காம வைக்கமாட்டன் காக்கா. எத்தின பேர் இருப்பாங்க?”

“கொள்ளுற அளவுக்கு இருப்பாங்க.”

“எழும்பி நிண்டு துள்ளுவாங்களா?”

“துரைக்கிட்டக் கேட்டுச் சொல்லட்டா?”

கதிராமத்தம்பி சிரிக்கவில்லை. இதுதான் அவருக்கு வந்த முதல் வேலை. இது சரியாகப் போனால் பலகை தொங்கும், போகாவிட்டால் கழற்ற வேண்டும். பனங்கால்களை அவரே தட்டிப் பார்த்துத் தெரிந்தெடுத்தார். கால்களுக்கிடையே குறுக்குச் சட்டம் அடிக்கச் சொன்னார். மேடைக்குக் கீழே சர்பத் கடை வைக்கக் கச்சி முகம்மது கனவு கண்டிருந்தார். குறுக்குச் சட்டம் அந்தக் கனவுக்குக் குறுக்கே நின்றது. இரண்டு பேரும் ஒரு பகல் முழுக்க வாக்குவாதப்பட்டு, கடைசியில் சர்பத் கடை வெளியே போனது. அதோடு விட்டாரா? மேடை நிறைய நெல்மூட்டை அடுக்கி, அதன்மேல் வண்டிக்காரரை ஏற்றிக் குதிக்கவிட்டுப் பார்த்தார். நெல்லுக்குக் கொம்புமுறி காட்டுகிறார் என்று வயல் வட்டைக்குப் போகிறவர்கள் நின்று பார்த்துச் சிரித்தார்கள். மேடை அசையவில்லை. கையெழுத்து வைத்தார்.

மேலிருந்து கீழே அமுக்கும் பாரம் எல்லாவற்றையும் அவர் எண்ணினார். பக்கவாட்டில் யாராவது இழுப்பார்கள் என்று அவர் நினைக்கவில்லை. எந்த நாட்டு இஞ்சினியர் நினைப்பார்?

கொம்புமுறி அன்று காலையில் தென்சேரியார் கட்டை நட்டுக்கொண்டிருந்ததைக் கண்டு அவர் நின்றார். மேடைக்கு நேர் முன்னால், போன முறை நட்ட அதே குழியில் நட்டார்கள். கிளறிக் கிடந்த வாவி மணல். காலால் தட்டினால் உள்ளே போனது.

“மச்சான், இந்த மண் இளகி இரிக்கி. ரெண்டு பாகத் தூரம் தள்ளி இறுகின நிலத்தில நடுங்க,” என்றார் சாமித்தம்பியிடம்.

“இந்தக் குழியிலதான் நாங்க போனமுறை வெண்ட நாங்க,” என்றான் சாமித்தம்பி. “வெண்ட குழிய விட்டுட்டு வேற குழி தோண்டச் சொல்லுறீங்க. உங்களுக்கு இதச் சொல்லித் தந்தது ஆரு, தங்கராசாவா?”

அவர் மேடைப் பக்கம் திரும்பிப் போனார். கட்டைக்கு அவர் கையெழுத்து இல்லை.

பின்னேரம் தேங்காயில் தொடங்கியது. போர்த்தேங்காய் என்று அதற்குப் பெயர். ஒருவன் உருட்ட மற்றவன் தன் தேங்காயால் எறிந்து உடைக்க வேண்டும். உருட்டியவனின் தேங்காயை விட்டுவிட்டு உருட்டியவனையே உடைப்பது வழக்கமான தவறு. முதல் சுற்றிலேயே வடசேரிப் பையன் ஒருவனின் தோள் எலும்பு சத்தம் கேட்கும்படி முறிந்தது. பதிலுக்குத் தென்சேரியான் ஒருவன் முன்பற்களைக் கையில் துப்பிப் பார்த்தான். பெண்கள் இரு புறமும் நின்று எதிர்ச் சேரியின் மூன்று தலைமுறைக் கற்பையும் விலாவாரியாக விசாரித்தார்கள். மேடையில் துரைசாணி கைதட்டினாள். இரத்தம் கண்டதும் இன்னும் நன்றாகக் கைதட்டினாள்.

மேடையின் பின்வரிசைப் பலகையில் அன்னப்பூரணியும் இருந்தாள். புருசன் கட்டிய மேடை என்று ஊருக்குக் காட்ட வந்திருந்தாள். கொம்பு கட்டிய நாள் தொட்டு அவரோடு பேசவில்லை, அது வேறு.

கொம்புகள் கொளுவின. வடசேரியார் வடத்தில் எறும்பு மாதிரி ஒட்டிக்கொண்டு இழுத்தார்கள். முதல் இழுவையில் வடம் விறைத்தது. இரண்டாவதில் கட்டை சாய்ந்தது. காலடியில் மணல் பொத்தென்று வாய் திறந்தது. இன்னும் ஒரு இழுவை, கட்டை வெளியே வந்துவிடும், அடுத்த கொம்புமுறி வரைக்கும் தென்சேரி குனிந்து நடக்கும். சாமித்தம்பி ஒரு கணம்தான் யோசித்தான். இன்னொரு கயிற்றைக் கட்டையில் முடிந்து, பின்னால் இழுத்துப் போய், மேடையின் முன்மூலைக் காலில் மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டிவிட்டான்.

தென்சேரி ஊளையிட்டது. கட்டை நின்றது. வடசேரி வெறிகொண்டு இழுத்தது. இப்போது அவர்கள் இழுத்தது மேடையை.

கதிராமத்தம்பி பனங்காலைப் பார்த்தார். காலின் நடுவில் நார் வெடித்து வெள்ளையாய்த் தெரிந்தது. குறுக்குச் சட்டத்தின் ஆணி ஒரு விரல் அளவு வெளியே வந்து, உள்ளே போய், மறுபடி வெளியே வந்தது. மேலே பெண்கள், குழந்தைகள், துரை, அன்னப்பூரணி. எல்லாரும் அவருடைய கையெழுத்தின் மேல் உட்கார்ந்திருந்தார்கள்.

“மச்சான், அவிழுங்க. மேடை வந்திரும்.”

“வந்தா வரட்டும், கட்டை வராது,” என்றான் சாமித்தம்பி.

வடத்தின் பக்கம் ஓடினார். “தங்கராசா, இழுவைய நிப்பாட்டு. சனம் சாகும்.”

தங்கராசா இழுத்தபடியே திரும்பினான். கழுத்து நரம்பெல்லாம் புடைத்திருந்தது. “அண்ணன், தோக்கிற நேரம் பாத்துப் பெண்சாதி வீட்டார் உங்கள அனுப்பினவங்களா? அங்கால போங்க, மிதிபட்டிருவீங்க.”

மேடைக்கு ஓடி இறங்கச் சொல்லிக் கத்தினார். ஒருவரும் இறங்கவில்லை. இவ்வளவு நேரமும் காத்திருந்தது இந்தக் கட்டத்துக்குத்தானே. தலைப்பா அவிழ்ந்து கைகால் ஆட்டிக் கத்தும் மனிதனைத் துரை குனிந்து பார்த்து, இவர் எந்தச் சேரி என்று பக்கத்தில் மொழிபெயர்க்க இருந்த முதலியாரைக் கேட்டார். முதலியாருக்கும் அதில் சந்தேகம் இருந்தது.

சர்பத் கடையில் இளநீர் வெட்டும் கத்தி கிடந்தது. கதிராமத்தம்பி அதை எடுத்துக்கொண்டு போய் மூலைக்காலில் விறைத்து நின்ற கயிற்றை ஒரே வெட்டில் அறுத்தார்.

கட்டை மணலோடு பிடுங்கிக்கொண்டு பறந்தது. கொளுவியிருந்த கொம்பு கழன்று வடசேரிக்காரன் ஒருவனின் தாடையில் இறங்க, அவன் தாடை காதுப் பக்கம் போனது. வடம் பிடித்தவர்கள் ஒருவர்மேல் ஒருவராய் மல்லாந்து விழுந்தார்கள். ஒரு மூச்சு நேரம் ஊர் முழுவதும் வாய் திறந்து நின்றது. யார் வென்றது? கட்டை பிடுங்குப்பட்டது, ஆனால் இழுத்துப் பிடுங்கவில்லை. கொம்பு முறியவில்லை. இப்படி ஒரு முடிவு பனிச்சங்குடா கண்டதில்லை.

இரண்டு சேரியும் சேர்ந்து ஒரு வேலை செய்ததும் அன்றுதான் முதல் தடவை. தென்சேரி தோல்விக்காக அடித்தது, வடசேரி வெற்றி பறிபோனதற்காக அடித்தது. தங்கராசாவின் குதிக்கால் விலாவில் இறங்கியதும் கதிராமத்தம்பிக்கு மூச்சு நின்றது. யாரோ தலைமயிரைப் பிடித்து முகத்தை மணலில் தேய்த்தார்கள். பெண்கள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து காறித் துப்பிவிட்டுப் போனார்கள். சாமித்தம்பி ஓடிப்போய்த் தோணியில் துடுப்புப் போடும் சவளை எடுத்து வந்து, மடக்கித் தலையை மறைத்திருந்த அவருடைய வலக்கையில் ஓங்கிப் போட்டான். கை முழங்கைக்குக் கீழே இன்னொரு முழங்கை முளைத்ததுபோல் வளைந்தது. சவளும் உடைந்தது. உடைந்த துண்டால் இன்னும் இரண்டு போட்டான்.

மேடையில் இருந்தவர்கள் அடி நன்றாகத் தெரியவில்லை என்று எல்லாரும் எழுந்து முன்பக்கம் நெருக்கி நின்றார்கள். மணலில் கன்னம் புதைந்து கிடந்த கதிராமத்தம்பி ஒற்றைக் கண்ணால் அந்த மூலைக்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அது ஆடியது. கிறீச்சிட்டது. விழவில்லை. பொலிஸ்காரர் குண்டாந்தடியோடு வந்து சேர்ந்தபோதும் அது நின்றுகொண்டுதான் இருந்தது.

அங்கேதான் அவருக்குச் சனியன் பிடித்தது. மேடை விழுந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார். நின்ற மேடையை வைத்துக்கொண்டு என்ன சொல்வது? ஊர் போய்ப் போய் அதைப் பார்த்தது. மூலைக்காலை ஆட்டிப் பார்த்தது. ஆட்டினால் ஆடாத மேடைக்காகக் கொம்புமுறியைக் கெடுத்தவன், அம்மனின் மழையையும் கெடுத்தவன் என்று இரு தெருவும் ஒரே குரலில் சொன்னது. இவர் துரைக்கு முன்னால் பேர் எடுக்கச் செய்த வேலை என்றாள் இரத்தினம்மா. வானமும் அவள் பக்கம்தான் நின்றது, ஒரு துளி விழவில்லை.

முறிவு வைத்தியர் பற்று வைத்துக் கட்டிய கையோடு அவரை வன்னிமை விசாரித்தார். வன்னிமை என்பவர் பல ஊர் சேர்ந்த பற்றுக்கே தலைமைக்காரர், முறைக்கு ஏற்றபடி கேட்டார்.

“மேடை விழுந்ததா?”

“விழாம இருக்கத்தான் கயிற்ற அறுத்தனான்.”

“விழுந்ததா எண்டுதான் கேட்ட நான். விழும் எண்டதுக்கு ஆரு சாட்சி?”

“என்ர படிப்புச் சாட்சி.”

கூட்டம் சிரித்தது. மேடை விழும் என்று தெரிந்தால் உறுதி என்று ஏன் கையெழுத்து வைத்தீர், கயிறு கட்டக்கூடாது என்று யாருக்காவது சொன்னீரா என்று வன்னிமை அடுத்துக் கேட்டார். சொல்லவில்லை. கேள்வி நியாயமானது. அதுதான் கதிராமத்தம்பியைச் சுட்டது. பலகையைக் கழற்றிவிட்டு இரண்டு சேரிக்கும் முன்னால் விழுந்து மன்னிப்புக் கேட்டால் முடிந்தது என்றார் வன்னிமை.

வீட்டுக்கு வந்தார். அன்னப்பூரணி சோற்றைப் பிசைந்து இடக்கையில் ஸ்பூனைக் கொடுத்தாள்.

“கேட்டிட்டுப் போங்களன். ரெண்டு தரம் குனிஞ்சா முடியிற கதை.”

“நீ இருந்த பலகை எது தெரியுமா? பின்வரிசை. முதல்ல முறியிறது முன்கால். பின்வரிசைக்காரர்தான் முன்னால தூக்கி எறியப்படுவாங்க.”

“அப்பிடி நடக்கல்லயே.”

பெண்சாதியும் அதையே சொன்னாள். அன்றிரவு முழுக்க அவர் தூங்கவில்லை, விடிந்ததும் வன்னிமையிடம் போய் நின்றார். மேடையைக் கழற்ற முன்னம் ஒரு பரீட்சை வையுங்கள் என்றார். ஆள் இல்லாத மேடை. அதே குழியில் அதே கட்டை. அதே கயிறு, அதே மூலைக்கால். அதே வடசேரியார் இழுக்கட்டும். நின்றால் பலகையைக் கழற்றுகிறேன், இரண்டு தெருவிலும் உருளுகிறேன். விழுந்தால் ஊர் வாயை மூட வேண்டும்.

“மரம் என்ட மரம் தம்பி, முறிஞ்சா நட்டம் எனக்கு,” என்றார் கச்சி முகம்மது. அதை யாரும் காதில் விழுத்தவில்லை. ஊருக்கு இன்னொரு கொம்புமுறி கிடைத்துவிட்டது.

பரீட்சை அன்று கதிராமத்தம்பி விடியவே போய்க் கட்டையையும் முடிச்சையும் சரிபார்த்தார். தென்சேரிக்கும் வடசேரிக்கும் சமமான தூரத்தில், வெயிலில், தனியாக நின்றார். சுயாதீனம் என்றால் நிழல் கிடையாது.

ஆனால் ஊர் அவரைவிட வேகமாகக் கணக்குப் போட்டிருந்தது. மேடை விழுந்தால் கயிறு கட்டிய தென்சேரி குற்றவாளி, குழம்பிப் போன கொம்புமுறியின் வெற்றி வடசேரிக்கு. நின்றால் தென்சேரிக்கு மானம் மிச்சம். வடம் பிடிக்க வடசேரியில் கிழவர்கள்கூட வந்திருந்தார்கள். தங்கராசா உள்ளங்கையில் மணலைத் தேய்த்துக்கொண்டு அவரைப் பார்த்துச் சிரித்தான். “அண்ணன், இண்டைக்கு உங்கட வாக்க நாங்க காப்பாத்திறம்.”

இழுவை தொடங்கியது. கட்டை சாய்ந்தது. மூலைக்கால் கிறீச்சிட்டது. அன்றுபோலவே ஆணி வெளியே வந்தது. கதிராமத்தம்பியின் உடம்பு முழுவதும் அந்த ஆணியிலேயே நின்றது. அப்போதுதான் மேடைக்குக் கீழே ஆள் நடமாட்டம் கண்டார். சாமித்தம்பியும் தென்சேரி இளந்தாரிகளும் குறுக்குச் சட்டங்களுக்குள் நுழைந்து, கால்களுக்குத் தோள் கொடுத்து நின்றார்கள்.

“மச்சான், வெளிய வாங்க. நசிஞ்சு செத்துப் போவீங்க.”

“வெயிலுக்கு நிழல்ல நிக்கிறம்,” என்றான் சாமித்தம்பி. கழுத்து நரம்பு வெடிக்க மூலைக்காலைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தான். “நிழல்ல நிக்கிறதும் குற்றமா?”

வடத்துப் பக்கம் ஓடினார். “விடுங்க, பரீட்சை முடிஞ்சது. நான் தோத்திட்டன், பலகையக் கழட்டிறன். விடுங்க.”

“நீங்க தோக்கலாம் அண்ணன், நாங்க தோக்க ஏலாது,” என்றான் தங்கராசா. இழுவைப் பாட்டு இன்னும் உரத்தது.

இடக்கையால் ஒருவனின் இடுப்புக் கத்தியை உருவிக்கொண்டு கயிற்றை நோக்கிப் பாய்ந்தார். இம்முறை ஊர் விழிப்பாக இருந்தது. வடசேரிக்காரர் நாலு பேர் அவரை வழியிலேயே அமுக்கினார்கள். ஒருவன் கட்டுப்போட்ட கையின்மேல் முழங்காலை வைத்தான். ஒட்டத் தொடங்கிய எலும்பு மறுபடி விலகியது. அவர் அலறியது இழுவைப் பாட்டில் கரைந்தது.

மூலைக்கால் துப்பாக்கி வெடித்ததுபோல் முறிந்தது. மேடை முன்னால் முழந்தாளிட்டது. பிறகு பின்வரிசை, அவர் சொன்ன அதே விதமாக, தலைக்குமேல் தூக்கி முன்னால் எறிபட்டது. பலகைகளும் பனங்கால்களும் தென்சேரியின் தோள்கள்மேல் இறங்கின. தூசி அடங்க முன்னமே சத்தம் கேட்டது. மரத்தின் சத்தம் அல்ல.

வடசேரி குரவையிட்டது. அமுக்கியிருந்த நாலு பேரும் அதே கைகளால் கதிராமத்தம்பியைத் தூக்கித் தோளில் வைத்தார்கள். “எங்கட இஞ்சினியர்,” என்றான் தங்கராசா, கண் கலங்கி. “வடக்குத் தெருவில பிறந்தவன் சொன்னாச் சொன்னதுதான்.” கூட்டம் அதையே திருப்பிச் சொன்னது. யாரோ வேட்டியைக் கிழித்துக் கொடியாக்கினார்கள். விலாவும் கையும் ஒவ்வொரு குலுக்கலிலும் உள்ளே வெட்டின.

தோளுக்கு மேலிருந்து அவருக்கு எல்லாம் தெரிந்தது. இரண்டு பேர் ஊர்ந்து வெளியே வந்தார்கள். ஒருவனின் காது தொங்கியது. சாமித்தம்பி மார்புவரைக்கும் வெளியே கிடந்தான், இடுப்புக்குக் கீழே மூலைக்கால் குறுக்கே கிடந்தது. அவன் வாயிலிருந்து நுரையும் இரத்தமும் வந்தது, கண் திறந்திருந்தது. அன்னப்பூரணி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு தனியாகப் பலகைகளைப் பிடுங்கி எறிந்துகொண்டிருந்தாள். நகமெல்லாம் இரத்தம்.

“அதத் தூக்காத,” என்று கத்தினார் கதிராமத்தம்பி. “அந்தக் காலத் தூக்கினா மேல கிடக்கிறதெல்லாம் இறங்கும். முதல்ல இடப்பக்கத்துப் பலகைய எடு.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“இறங்கி வந்து சொல்லுங்க,” என்றாள்.

“இறக்குங்கடா,” என்றார் அவர். தோள்காரர்களின் தலையில் இடக்கையால் அடித்தார். சந்தோசத்தில் அடிக்கிறார் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். வடக்குத் தெருவுக்குத் திரும்பிவிட்டது ஊர்வலம். அவருக்கு அன்னப்பூரணியின் முதுகு மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது. அவள் குனிந்து, இடப்பக்கத்துப் பலகையைப் பிடித்தாள்.